தாள் மூலையில் ஒரு மயில்

ஆனைக்குட்டம் அணைக்கட்டுக்குக் கிழக்கே, கரிசல் காட்டுக்கு நடுவில், ஒரு தகரக் கொட்டகை வெடித்துச் சிதறியிருந்தது. பானுப்பிரியா போய்ச் சேர்ந்தபோது தீயணைப்பு வண்டி திரும்பிப் போய்விட்டிருந்தது. போலீஸ்காரர்கள் வேப்பமர நிழலில் நின்றிருந்தார்கள். பருத்திச் செடிகளுக்கு இடையில் வண்ணத் துண்டுத் தாள்கள் பறந்து கிடந்தன. குனிந்து ஒன்றை எடுத்தாள். பட்டாசுப் பெட்டியில் ஒட்டும் லேபிள். தோகை விரித்த மயில், அதன் கீழே ‘நீலத்தோகை’ என்ற எழுத்து.

அவள் சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில் பிறந்தவள். அம்மா மாரித்தாய் முத்துரதம் பயர் ஒர்க்ஸில் வேலை பார்த்தாள். வெடிப் பெட்டிகளின் பெயரைப் படித்துத்தான் பானுப்பிரியா எழுத்துக் கூட்டவே கற்றுக்கொண்டாள். அப்படிப்பட்டவளுக்கு ‘நீலத்தோகை’ என்ற பெயர் புதிதாக இருந்தது. லேபிளைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அது 2006ஆம் ஆண்டு, தீபாவளி சீசனுக்கான வேலை சூடுபிடித்திருந்த நேரம். ‘தென்திசை’ நாளிதழுக்கு அவள் விருதுநகர் நிருபர். விபத்துச் செய்தியை அன்றே எழுதி அனுப்பினாள். கொட்டகைக்கு லைசென்ஸ் கிடையாது. உள்ளே வேலை பார்த்த ராமுத்தாய் என்ற பெண் இறந்துவிட்டாள். வெடிமருந்து கலந்துகொண்டிருந்த சங்கையாவுக்குக் கையும் தோளும் வெந்துவிட்டன. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடியே சங்கையா போலீசிடம் ஒரே பேச்சாகச் சொன்னார். கொட்டகை தன்னுடையது, மருந்து வாங்கியது தான், ஆள் கூப்பிட்டதும் தான். அவர் மேல் வழக்குப் பதிவானது. அத்துடன் எல்லோரும் அதை மறந்துபோனார்கள்.

சங்கையா விஸ்வநத்தத்துக்காரர். பானுப்பிரியா அவரை மாமா என்று கூப்பிடுவாள். அன்று சாயங்காலம் சோறு வடித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் மயிலைக் காட்டினாள்.

“சங்கையா மாமா அடிச்ச லேபிளாம்மா இது?”

மாரித்தாய் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். “அவனா? மக கல்யாணத்துக்கே அவன் பத்திரிகை அடிக்கலை. வெத்தல பாக்கு வச்சுத்தான் கூப்பிட்டான். அவன் போயி கலர் லேபிள் அடிச்சானாக்கும்.”

“திருட்டுத்தனமா வெடி பண்ணுறவுக லேபிள் ஒட்டுவாகளா?”

“எதுக்கு ஒட்டணும்? பழைய பேப்பர்ல சுத்தி அனுப்பிருவாக. லேபிள் வேணும்னா கடையில வச்சு விக்கப்போறாகன்னு அர்த்தம்.”

அப்படியானால் மயிலுக்குக் காசு போட்டது யார்? பானுப்பிரியாவுக்கு அந்தக் கேள்வி முள் மாதிரி உள்ளே தங்கிவிட்டது. சிவகாசியில் தெரிந்த அச்சகங்களில் லேபிளைக் காட்டி விசாரித்தாள். எல்லோரும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். ஊரில் அச்சகங்கள் அத்தனை இருக்க, ஒரு மயிலை எங்கே போய்த் தேடுவது?

சில வாரங்கள் கழித்து ‘தென்திசை’ ஆசிரியர் சீனிவாசகம் அவளை விருதுநகரில் ஒரு கல்லூரிக்கு அனுப்பினார். ஆராய்ச்சியாளர்களும் ஓவியர்களும் பேசும் கருத்தரங்கு. “விளக்கேத்துற படம் ஒண்ணு, கூடப் பத்து வரி. அது போதும்மா” என்றார்.

விளக்கேற்ற வந்திருந்தவர் முத்துரதம் பயர் ஒர்க்ஸ் முதலாளி ராம்குமார். படம் எடுத்ததும் பானுப்பிரியா கிளம்பியிருக்கலாம். ஆனால் முதலில் பேசிய மதுரை ஆராய்ச்சியாளர் ஆனைக்குட்டம் நீர்த்தேக்கத்துக்கு வந்துபோகும் பறவைகளைப் பற்றி ஆரம்பித்தார். எங்கோ குளிர்தேசத்துப் பறவை, பட்டாசுச் சத்தம் கேட்கும் இந்த ஊருக்கு ஏன் வருகிறது என்று அவர் கேட்டபோது பானுப்பிரியா பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்துப் பேச வந்தவள் ஸ்ரீமதி. சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கும் பலவேசத்தின் மகள். சென்னையில் ஓவியம் படித்தவள். அவளுடைய படங்கள்தான் அரங்கத்துச் சுவர் முழுக்க மாட்டியிருந்தன. கிட்டப் போய்ப் பார்த்தால் ஒன்றும் புரியாத படங்கள். முருகன் முகத்தில் சங்குசக்கரம் சுற்றியது. கல்யாண மாப்பிள்ளையின் சட்டைக்குள் ஒரு பால் டப்பா தெரிந்தது.

“இதுல எதையும் நான் வரையலை” என்று ஸ்ரீமதி பேச்சைத் தொடங்கினாள். “ஒரு வேலைய மிஷின்ல ஏத்துனா, மொத வர்ற தாளெல்லாம் தப்பாத்தான் வரும். மை சரியாப் பிடிக்காது. ஒரு கலரு மேல இன்னொரு கலரு சரியா உக்காராது. எல்லாம் ஒழுங்காகுற வரைக்கும் நல்ல தாளை வீணாக்க மாட்டாக. ஏற்கெனவே கழிச்சுப் போட்ட தாளையே திரும்ப விடுவாக. அப்பிடி ஒரே தாள் மேல நாலு வேலை ஏறிரும். சாமி மேல வெடி, வெடி மேல நோட்டு அட்டை. கடைசியில எடைக்குப் போட்டுருவாக, இல்லன்னா வடை கட்டிக் குடுப்பாக. நான் சின்னப் பிள்ளையில இருந்து இதைப் பாத்துக்கிட்டே இருக்கேன். இந்த ஊரு தன்னைத்தானே படம் வரைஞ்சுக்கிறது மாதிரி எனக்குத் தோணும். எடுத்து மாட்டிருக்கேன், அம்புட்டுத்தான்.”

டீ இடைவேளையில் பானுப்பிரியா சுவரோரமாக ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே போனாள். மேடைக்குப் பக்கத்தில் பெரிய தாள் ஒன்று. நடுவில் காலண்டர் லட்சுமி. லட்சுமிக்குக் குறுக்கே பள்ளிக்கூட நோட்டு அட்டையின் நீலக் கோடுகள். கீழே வரிசையாக முத்துரதம் பூச்சட்டிப் புஸ்வாண லேபிள்கள். அந்த வரிசையின் கடைசியில், தாளின் மூலையில், தோகை விரித்த ஒரு மயில்.

பையைத் துழாவி லேபிளை எடுத்தாள். மயிலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதே மயில்.

முதுகுக்குப் பின்னால் சிரிப்புக் கேட்டது. ராம்குமார் கல்லூரி முதல்வருடன் டீ குடித்துக்கொண்டே வந்தார். “பாத்தீகளா சார், நம்ம பூச்சட்டியும் ஓவியமாயிருச்சு” என்று படத்தைக் காட்டிச் சொன்னார். மூலையை அவர் கவனிக்கவில்லை. பானுப்பிரியா லேபிளை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

அவர்கள் கடந்து போனதும் ஸ்ரீமதி வந்தாள். “ரொம்ப நேரமா ஒரே எடத்துல நிக்கிறீக. என்ன பாக்குறீக?”

பானுப்பிரியா கையைத் திறந்து காட்டினாள்.

“எங்கன கெடச்சது இது?”

“ஆனைக்குட்டத்துல. கொட்டகை வெடிச்ச எடத்துல.”

ஸ்ரீமதி மயிலைப் பார்த்தாள், பூச்சட்டியைப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது. ஆனாலும் இல்லை என்று தலையை ஆட்டினாள். “அவசரப்படாதீக. ஒரே தாள்ல இருக்குறதால ஒரே வேலைன்னு சொல்ல முடியாது. லட்சுமியும் நோட்டு அட்டையும்கூடத்தான் ஒரே தாள்ல இருக்கு. வேற யாரோ குடுத்த மயிலு வேற ஒரு நாளைக்கு இது மேல ஏறியிருக்கலாம்.”

“ஏறலைன்னு எப்பிடித் தெரிஞ்சுக்கிறது?”

கூட்டம் கலைந்ததும் ஸ்ரீமதி படத்தைக் கழற்றி மேசை மேல் விரித்தாள். அச்சகத்தில் புள்ளி பார்க்கும் பூதக்கண்ணாடியைக் கைப்பையிலிருந்து எடுத்தாள். லட்சுமியின் உதட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, பூச்சட்டிக்கு நகர்த்தினாள். அங்கே கொஞ்ச நேரம் நிறுத்தினாள். பிறகு மயிலுக்குப் போனாள்.

“இங்க வாங்க. நீங்களே பாருங்க.”

பானுப்பிரியா கண்ணை வைத்தாள். பூச்சட்டியிலிருந்து பொங்கும் சிவப்புப் பொறி, கறுப்புக் கோட்டுக்குள் உட்காராமல் மயிரிழை கீழே இறங்கியிருந்தது. அடுத்த பூச்சட்டியிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும் அப்படியே. கண்ணாடியை மயிலின் மேல் வைத்தாள். மயிலின் கண்ணைச் சுற்றியிருந்த சிவப்பும் அதே அளவு, அதே பக்கம் இறங்கியிருந்தது.

“லட்சுமி?” என்று கேட்டாள்.

“லட்சுமிக்குச் சிவப்பு சரியா உக்காந்துருக்கு. அது வேற நாளு. மயிலும் பூச்சட்டியும் ஒரே பிளேட்டு, ஒரே ஓட்டம். சிவப்பு எறங்குனப்ப ரெண்டுலயும் சேந்து எறங்கியிருக்கு.”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கண்டுபிடித்த சந்தோஷம் இருவர் முகத்திலும் தெரிந்தது. முதலில் அதை இழந்தவள் ஸ்ரீமதி. கண்ணாடியைப் பைக்குள் வைத்தாள். “இந்தத் தாளு எங்க அப்பா பிரஸ்ல எடுத்தது” என்றாள்.

மறுநாள் இருவருமாகச் சிவகாசிக்குப் போனார்கள். பானுப்பிரியா தனியாகப் போவதாகத்தான் சொன்னாள். ஸ்ரீமதி கேட்கவில்லை. “எங்க அப்பாகிட்ட நானே சொல்லணும்” என்றாள்.

பலவேசம் மிஷின் பக்கத்தில் ஈரத்தாள் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “வா தாயி. கருத்தரங்கு எப்பிடி இருந்துச்சு? இவக யாரு?”

ஸ்ரீமதி சுற்றிவளைக்கவில்லை. மயில் லேபிளை அவர் கையில் கொடுத்து, அது கிடந்த இடத்தைச் சொன்னாள். ஒரு பெண் செத்துப்போனதையும் சொன்னாள்.

பலவேசம் லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மிஷினை நிறுத்தச் சொல்லிக் கைகாட்டினார். சத்தம் நின்றதும் அவர் குரல் தேவைக்கு மேல் உரக்கக் கேட்டது. “பூச்சட்டி லேபிள் போக ஓரத்துல எடம் மிச்சம் இருந்துச்சு. அதுல இதப் போட்டுருங்க அண்ணாச்சின்னு டிசைன் குடுத்துவிட்டாக. போட்டேன். எதுக்குன்னு நான் கேக்குறதில்ல.”

“யாரு குடுத்துவிட்டா அண்ணாச்சி?” என்றாள் பானுப்பிரியா.

அவர் லேபிளை மகளிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு, “யாருன்னு என் வாயால சொல்ல மாட்டேன். நான் இங்க தொழில் பண்ணணும், இம்புட்டுப் பேருக்கு வேலை குடுக்கணும். ஆனா தாள்ல இருக்குறத இல்லைன்னும் சொல்ல மாட்டேன். யாரு வந்து கேட்டாலும், இது என் மிஷின்ல ஓடுனதுதான்னு சொல்லுவேன். அதுக்கு மேல என்னைக் கேக்காதீக” என்றார். மகளிடம் மட்டும், “சாப்பிட்டுப் போ” என்றார். அன்று ஸ்ரீமதி அங்கே சாப்பிட்டாள். அப்பாவும் மகளும் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது பானுப்பிரியாவுக்குத் தெரியாது.

யாரைப் பற்றிச் செய்தி எழுதினாலும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எழுதக்கூடாது என்பது ‘தென்திசை’யின் வழக்கம். பானுப்பிரியா முத்துரதம் ஆபீசுக்குப் போனாள். ராம்குமார் மரியாதையாகவே பேசினார். குளிர்ந்த மோர் வரவழைத்தார்.

“நீலத்தோகையா? அப்பிடி ஒரு சரக்கே நம்மகிட்ட கெடயாதும்மா.”

“உங்க பூச்சட்டி லேபிளும் அதுவும் ஒரே தாள்ல அச்சாயிருக்கு சார்.”

“எந்தத் தாளு?”

“காலேஜ்ல மாட்டியிருக்குறதுதான். அன்னைக்குப் பாத்தீகளே.”

ராம்குமார் சிரித்துக்கொண்டே மோரைக் குடித்தார். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான், தாள் இருக்கும் இடத்தைத் தானே சொல்லிக்கொடுத்துவிட்டோம் என்பது பானுப்பிரியாவுக்கு உறைத்தது. மத்தியானம் ஸ்ரீமதியிடமிருந்து போன் வந்தது.

“பானு, என் படத்தை வாங்க ஒருத்தர் காலேஜுக்கு வந்துருக்காரு. இது வரைக்கும் நான் ஒண்ணுகூட வித்ததில்ல. இவரு எல்லாத்தையும் மொத்தமாக் கேக்குறாரு. என்ன வெலன்னுகூடக் கேக்கலை. படத்தையும் பாக்கலை.”

“என்ன சொன்னீக?”

“ஒரு நாள் யோசிச்சுச் சொல்றேன்னேன். வாசல்ல கார்லதான் உக்காந்துருக்காரு.”

பானுப்பிரியா மேற்கொண்டு என்ன சொல்வது என்று தவித்தாள். விற்காதே என்று சொல்ல அவளுக்கு உரிமை இல்லை. அந்தத் தாள் வெளியே வந்தால் ஸ்ரீமதியின் அப்பா பெயரும் சேர்ந்துதான் வரும். அதைத்தான் சொன்னாள். “உங்க இஷ்டம் ஸ்ரீமதி. எங்கிட்ட வேற சாட்சி கெடயாது. ஆனா உங்களுக்கு இதுல நட்டம்தான்.”

“அது எனக்குத் தெரியாதா” என்று போனை வைத்துவிட்டாள்.

சாயங்காலம் ‘தென்திசை’ விருதுநகர் ஆபீஸ் மாடிப்படியில் ஸ்ரீமதி ஏறி வந்தாள். தண்ணீர்க் குழாய்க்கு வாங்கும் பிளாஸ்டிக் பைப் ஒன்றைத் தோளில் சாய்த்திருந்தாள். தாளைச் சுருட்டி அதற்குள் விட்டிருந்தாள். கல்லூரிப் பின்வாசல் வழியாக வந்து பஸ் ஏறியதாகச் சொன்னாள். “கண்டக்டரு பைப்புக்குத் தனி டிக்கெட் கேட்டாரு” என்றாள். அதற்கு இருவரும் சிரித்த சிரிப்பில் உள்ளே இருந்த சீனிவாசகம் எழுந்து வந்துவிட்டார்.

சீனிவாசகம் தாளை மேசையில் விரித்துப் பார்த்தார். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். நல்ல ஆசிரியர்தான், ஆனால் தீபாவளிக்கு முத்துரதம் கொடுக்கும் முழுப்பக்க விளம்பரம் அவருக்கு நினைவு வராமல் இருக்குமா? நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “தாளு சொல்லுறது சரிம்மா. மனுசன் ஒருத்தன் சொல்லணும். அந்தச் சங்கையா வாயத் தொறந்தா நாளைக்கே போடுறேன். இல்லன்னா இது வெறும் ஓவியம்.”

சங்கையா ஜாமீனில் வெளியே வந்து வீட்டில் இருந்தார். கை முழுக்கக் கட்டு. பானுப்பிரியாவைக் கண்டதும், “நான் சொன்னதுதான் தாயி. கொட்டகை என்னோடது” என்றார், அவள் எதுவும் கேட்பதற்கு முன்பே.

அவள் தாளைத் தரையில் விரித்தாள். அவர் குனிந்து பார்த்தார். இத்தனை வருடம் வெடித்தொழிலில் இருந்தும் வெட்டாத லேபிள் தாளை அவர் பார்த்ததில்லை. பூச்சட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து மூலைக்கு வந்ததும் நின்றார்.

“இங்கனயா அடிச்சாக?” என்றார் மெதுவாக. “பூச்சட்டியோட சேத்தா?”

“நீங்க அடிக்கச் சொல்லலையா மாமா?”

“நான் எங்க அடிக்கச் சொன்னேன்? லோடு ஆட்டோல லேபிளு கட்டுக்கட்டா வந்து எறங்கும். எங்கருந்துன்னு கேக்கக்கூடாது, ஏதாச்சும் ஆனா கொட்டகை ஒன்னோடதுன்னு சொல்லணும்னு மொதல்லயே சொல்லிருந்தாக. பண்ணுன சரக்கையும் அதே ஆட்டோதான் ஏத்திட்டுப் போகும்.” சொல்லிவிட்டு நிறுத்தினார். தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது. “நீ இத எழுதப்போறியா?”

“எழுதலாம்னு இருக்கேன். நீங்க வேண்டாம்னா உங்க பேச்ச எழுத மாட்டேன்.”

“எழுதுனா எனக்கு என்ன ஆகும்?”

“தெரியலை மாமா. கேசு உங்க மேலயும் இருக்கத்தான் செய்யும். தனியா நிக்க மாட்டீக, அது மட்டும் சொல்ல முடியும்.”

சங்கையா மறுபடி மயிலைப் பார்த்தார். “ராமுத்தாயிக்கு அன்னைக்கு ஒடம்பு சரியில்ல. நாளைக்கு வாறேன்னுதான் சொன்னா. ஆட்டோ வந்துரும்னு நான்தான் போயி கூப்பிட்டேன்.” கட்டுப் போட்ட கையால் தாளை அவள் பக்கம் தள்ளினார். “எழுது.”

அன்று இரவுச் சாப்பாட்டின்போது பானுப்பிரியா அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். செய்தி வந்தால் மாரித்தாய்க்கு முத்துரதத்தில் வேலை இருக்காது.

மாரித்தாய் தட்டிலிருந்து கண்ணெடுக்கவில்லை. “சீசன் முடியுற மட்டும் பொறுக்கக் கூடாதா?”

“சீசனுக்குள்ள இன்னொரு கொட்டகை இருந்தா?”

“அதுவும் சரிதான்” என்றாள் மாரித்தாய். குழம்பை ஊற்றிக்கொண்டாள். “நான் அங்கன வேல பாத்தேன்னு எழுதிறாத. அது ஒண்ணுதான்.”

செய்தி முதல் பக்கத்தில் வந்தது. தாளின் படத்தைப் பெரிதாகப் போட்டு, மயிலுக்கும் பூச்சட்டிக்கும் வட்டம் போட்டிருந்தார்கள். அதிகாரிகள் பலவேசத்தைக் கேட்டார்கள். அவர் சொன்னபடியே, தன் மிஷினில் ஓடிய தாள் என்று ஒப்புக்கொண்டார். ஒரே ஆர்டரில் ஒரே கம்பெனிக்கு அடித்தது என்று ஆனபிறகு மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. இன்னும் இரண்டு ஊர்களில் அதே மாதிரிக் கொட்டகைகள் பிடிபட்டன. உள்ளே இருந்தவர்களை உயிரோடு வெளியே கொண்டுவந்தார்கள். ராம்குமார் மேல் வழக்கானது. செத்துப்போன ராமுத்தாய் தன்னுடைய தொழிலாளிதான் என்று கம்பெனி ஏற்றுக்கொண்டு நஷ்டஈடு கொடுக்க வேண்டியதாயிற்று.

முத்துரதத்தின் லைசென்ஸை நிறுத்திவைத்தார்கள். கேட்டைப் பூட்டியதால், எந்தத் தப்பும் செய்யாத பெண்கள் தீபாவளிக்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்தார்கள். டவுன் பஸ்ஸில் ஒருத்தி பானுப்பிரியாவைப் பார்த்து, “எங்க சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டு ஜம்முனு போறா பாரு” என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். பானுப்பிரியா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த மாரித்தாய்தான் திரும்பினாள். “இவ எழுதத்தான செஞ்சா. இவ எழுதுனதுனாலயா வெடிச்சுச்சு? எனக்கும்தான் வேல போச்சு” என்றாள். தை மாதம் கம்பெனி திறந்தபோது மற்றவர்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். மாரித்தாய் மட்டும் தீப்பெட்டி ஆபீசில் வேலை தேடிக்கொண்டாள். பலவேசத்தின் அச்சகத்துக்குப் பட்டாசு ஆர்டர்கள் நின்றுபோயின. நோட்டு அட்டையும் கல்யாணப் பத்திரிகையும் அடித்து ஓட்டினார். மகளிடம் அதைப் பற்றி அவர் ஒருநாளும் பேசவில்லை என்று ஸ்ரீமதி சொன்னாள்.

அடுத்த வருடம் சென்னையில் ஓர் அறக்கட்டளை, சிறந்த புலனாய்வுச் செய்திக்கான விருதை பானுப்பிரியாவுக்குக் கொடுத்தது. விருது வாங்கிவந்த கொஞ்ச நாளில் அதே கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. இந்தத் தடவை செய்தி சேகரிக்க அல்ல, பேச.

அரங்கம் நிறைந்திருந்தது. ஸ்ரீமதி முன்வரிசையில் இருந்தாள். பானுப்பிரியா அந்தத் தாளைத் திரையில் காட்டினாள். லட்சுமியை முதலில் காட்டி, பிறகு நோட்டுக் கோடுகளை, பிறகு பூச்சட்டியை. மூலையைக் கடைசியில்தான் காட்டினாள். சிவப்பு இறங்கியதை அவள் விளக்கியபோது மாணவிகள் இருக்கை நுனிக்கு வந்துவிட்டார்கள். விலை கேட்காமல் படம் வாங்க வந்தவர் கதைக்கும், டிக்கெட் கேட்ட கண்டக்டர் கதைக்கும் சிரித்தார்கள். பேசி முடித்ததும் கைதட்டல் அடங்க நேரமானது.

கேள்விகள் வந்தன. பயமாக இல்லையா என்று ஒருத்தி கேட்டாள். பத்திரிகை வேலைக்கு என்ன படிக்க வேண்டும் என்று ஒருத்தி கேட்டாள். அப்புறம் நடு வரிசையில் தாவணி போட்ட ஒரு பெண் எழுந்தாள்.

“எம் பேரு வள்ளித்தாய். இங்க ரெண்டாம் வருசம் படிக்கேன். ராமுத்தாய் மக.”

முன்வரிசையில் இருந்த ஸ்ரீமதி திரும்பிப் பார்த்தாள்.

“நீங்க எழுதுனது எல்லாத்தையும் படிச்சேன்க்கா. மயிலப் பத்தி நெறைய இருக்கு. தாளு, மை, மிஷினு எல்லாம் இருக்கு. எங்கம்மாவப் பத்தி ஒரே வரிதான் இருக்கு. பலியான கூலித் தொழிலாளின்னு. எங்க வீட்டுக்கு நீங்க வரவேயில்ல. குத்தம் சொல்லலை. நீங்க எழுதுனதாலதான் நான் இப்ப படிக்கேன். ஏன் வரலைன்னு தெரிஞ்சுக்கிடணும்னு கேக்குறேன்.”

பானுப்பிரியா மைக்கைப் பிடித்தபடி நின்றாள். நேரமில்லை என்று சொல்லலாம். துக்க வீட்டில் தொந்தரவு செய்ய வேண்டாமென்று நினைத்ததாகச் சொல்லலாம். இரண்டும் பொய்.

“தோணலை” என்றாள். “மயிலு எங்கருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிறதுலயே நின்னுட்டேன். உங்கம்மா யாருன்னு கேக்கத் தோணவேயில்லம்மா.”

வள்ளித்தாய் தலையசைத்தாள்.

“இப்ப வந்தா சொல்லுவீகளா?” என்று கேட்டாள் பானுப்பிரியா.

“வாங்கக்கா” என்றாள் வள்ளித்தாய். “ஞாயித்துக்கெழமை நான் வீட்டுலதான் இருப்பேன்.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் பானுப்பிரியா ஆனைக்குட்டத்துக்குப் போனாள். கேமரா எடுத்துப் போகவில்லை. வள்ளித்தாயின் வீடு ஊரின் கடைசித் தெருவில், தண்ணீர்ப் பக்கமாக இருந்தது. உட்காரப் பாய் போட்டு, சொம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

“எங்கன இருந்து ஆரம்பிக்க?” என்றாள் வள்ளித்தாய்.

“உங்களுக்கு எது மொதல்ல ஞாபகம் வருதோ அதுல இருந்து.”

அவள் யோசித்தாள். திடீரென்று முகத்தில் சிரிப்பு வந்தது. “எங்கம்மா நாப்பது வயசுல நீச்சல் கத்துக்கிட்டாக.”

“யாரு கத்துக்குடுத்தா?”

“யாருமில்ல. எங்க தாய்மாமாவக் கேட்டாக, இந்த வயசுல ஒனக்கு எதுக்குன்னுட்டாரு. அதுக்கப்புறம் தெனம் வேல முடிஞ்சு வந்து கரையில உக்காந்து எருமை நீந்துறதப் பாப்பாக. காலு எப்பிடிப் போகுது, தல எப்பிடி நிக்குதுன்னு. ஒரு நாளு சேலைய வரிஞ்சு கட்டிக்கிட்டு எறங்கிட்டாக. ஊரே கரையில நின்னு சிரிச்சுச்சு. அம்மா அதக் கண்டுக்கிடவே இல்ல. ரெண்டு மாசத்துல எங்க தெருப் பொம்பளைங்க பாதிப் பேரு அவக பின்னால எறங்கிட்டாக.”

பானுப்பிரியா சிரித்துவிட்டாள். “நல்லா நீந்துவாகளா?”

“நீந்துறத விட முங்குறதுதான் அவகளுக்குப் பிடிக்கும். மூச்சடக்கி உள்ள போயி ரொம்ப நேரம் கழிச்சு வருவாக. நான் பயந்து கத்துவேன். என்னம்மா பண்ணுதேன்னு கேட்டா, அடியில என்ன இருக்குன்னு கண்ணத் தொறந்து பாத்தேன்பாக.”

“என்ன இருந்துச்சாம்?”

“அத மட்டும் சொல்லவே மாட்டாக” என்றாள் வள்ளித்தாய். “நீயே எறங்கிப் பாருடிம்பாக.”

அதன் பிறகு யாரும் கேட்காமலே வள்ளித்தாய் பேசினாள். ராமுத்தாய் யாரோடு சண்டை போடுவாள், எந்தக் குழம்பை உப்பில்லாமல் வைப்பாள், பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பாள் என்பதெல்லாம். பானுப்பிரியா நடுநடுவே கேள்வி கேட்டாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் வந்து வாசலில் உட்கார்ந்து, வள்ளித்தாய்க்குத் தெரியாத கதைகளைச் சொல்ல ஆரம்பித்தார்கள். மத்தியானம் சாப்பிடச் சொன்னார்கள். பானுப்பிரியா சாப்பிட்டாள். வெயில் தாழ்ந்த பிறகும் அவர்கள் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.